ஓய்வை ஈந்த பெருந்தகை: சேர் பொன்னம்பலம் அருணாசலம்

ஈகை என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் பொன்னும் பொருளும் நெல்லும் கூறையும் ஈதலே நம் நினைவில் முந்துகின்றது. அவை ஈவோர் போற்றத்தக்கோரே. ஆயினும் பொருளினும் அரிய செல்வம் ஒன்று மக்களுக்கு உண்டு. அது காலம். நெடுநாள் உழைத்து, ஊதியமும் பதவியும் நற்பெயரும் பெற்று, இனி இருந்து உண்ணலாம் என்னும் நிலையை எய்திய ஒருவர், தமக்கெனக் கிடைத்த ஓய்வை எடுத்துப் பிறர்க்கு வழங்குவாராயின், அவ்வீகைக்கு ஒப்பாவது பிறிதொன்றில்லை. அத்தகைய பெருந்தகையார் ஒருவரின் வரலாற்றை ஊவா மாகாணத்துச் சைவ ஆசிரியர்கள் நன்கறிந்து மாணாக்கர்க்கு உணர்த்துதல் வேண்டும் என்னுங் கருத்தினால் இக்கட்டுரை எழுதப்படுகின்றது. அவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள்.

அருணாசலம் அவர்களின் பிறப்பிடம் கொழும்பு. அவர் பதுளை மாவட்டத்தாரல்லர். அவ்வாறாகவும் ஊவா மலைநாட்டார் அவரைத் தம்மவராகக் கொண்டாடுதற்கு இரண்டு காரணங்கள் உள. ஒன்று, தோட்டத் தொழிலாளர் கழுத்திற் பூட்டப்பட்டிருந்த துண்டு முறை என்னும் நுகத்தடியையும், அவர்களைச் சிறைக்கு அனுப்பிய சட்டத்தையும் அகற்றுதற்கு அவர் தம் முதுமையில் உழைத்த உழைப்பு. மற்றொன்று, ஊவா மாகாணத்தின் தென்கோடியில் மாணிக்க கங்கைக் கரையில் வீற்றிருக்கும் கதிர்காமப் பெருமானைக் குறித்து அவர் எழுதி உலகறியச் செய்த ஆராய்ச்சி. இவ்விரண்டும் அவர் அரசினர் சேவையினின்றும் விலகிய பின்னர் முற்றுப்பெற்றவை என்பது கருதத்தக்கது.

கொழும்பு மாநகரில் பொன்னம்பல முதலியாருக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் மூன்றாம் புதல்வராக அருணாசலம் அவர்கள் 1853-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆந் தேதி தோன்றினார். மூத்தவர் குமாரசுவாமி, இரண்டாமவராகிய இராமநாதன் அவர்களைத் தமிழுலகம் நன்கறியும். தந்தையார் கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை நிறுவிய சிவநேயச் செல்வர். அவ்வாலயம் பின்னர் இராமநாதன் அவர்களாற் கருங்கற் றிருப்பணியாகப் புதுப்பிக்கப்பெற்றது. அன்னையாரின் உடன்பிறந்தார் சேர் முத்துக்குமாரசுவாமி. கலையாராய்ச்சியில் உலகப் புகழெய்திய ஆனந்த குமாரசுவாமி அவர்கள் அம்மாமனாரின் மைந்தராதலின் அருணாசலம் அவர்களுக்கு மைத்துனர் முறையினர். செல்வமும் கல்வியும் சிவபத்தியும் ஒருங்கே வாய்ந்த குடி அது.

அக்குடியிற் கதிர்காம பத்தி எத்துணை ஆழமாக ஊறியிருந்தது என்பதற்கு ஒரு செய்தியே போதும். நல்ல பாதைகள் கொழும்பிலேயே அருகியிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் முப்பதுகளில், குழந்தையாயிருந்த முத்துக்குமாரசுவாமி நோயுற்றார். அக்குழந்தையின் தாயார், அதாவது அருணாசலம் அவர்களின் பாட்டியார், மகன் பிழைத்தற் பொருட்டு நேர்த்தி வைத்து, கொழும்பிலிருந்து கதிர்காமத்திற்கும் கதிர்காமத்திலிருந்து கொழும்பிற்கும் வெறுங்காலுடன் நடந்து சென்று மீண்டார். காடும் காய்ச்சலும் காட்டு விலங்கும் நிறைந்த வழி அது. பல்லாண்டுகள் கழிந்த பின்னர்ப் பேரனார் கதிர்காமத்தைப் பற்றி எழுதப் புகுந்தபொழுது இச்செய்தியையும் மறவாது குறித்து வைத்தார்.

கொழும்பு அக்கடமியில் கல்வி பயின்ற அருணாசலம் அவர்கள், இங்கிலாந்திற் சென்று கற்றற்குரிய அரசினர் புலமைப் பரிசைப் பெற்றுக் கப்பலேறிக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்து கல்லூரியிற் சேர்ந்தார். ஆண்டுப் பண்டை மொழிகளிலும் கணிதத்திலும் சிறந்து விளங்கினார். சட்டமும் பயின்று பாரிஸ்டரானார். அக்காலத்து இலங்கைச் சிவில் சேவை ஆங்கிலேயர்க்கே உரிய கோட்டை போன்றிருந்தது. அதற்கென நடைபெற்ற போட்டிப் பரீட்சையில் 1875-ஆம் ஆண்டில் தேறி, அவ்வழியால் அச்சேவையுட் புகுந்த முதல் இலங்கையர் என்னும் பெருமையை அவர் அடைந்தார்.

அதன்பின் ஏறத்தாழ முப்பத்தெட்டாண்டுகள் அவர் அரசினர் கடமையில் நின்றார். நாட்டின் பல பகுதிகளிலும் நீதித்துறையிலும் நிருவாகத்திலும் மாறி மாறிப் பணி செய்தமையால், நூலிற் கல்லாத கல்வி ஒன்றை அவர் கற்றார். வழக்காளியின் கண்ணீரையும், எழுத்தறியாத குடியானவன் ஏமாற்றப்படும் விதத்தையும், சட்டம் ஏழைக்கு ஒருவகையாகவும் செல்வனுக்கு வேறொருவகையாகவும் பயன்படுவதையும் அவர் நேரிற் கண்டார். 1887-ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அவர்கள், சேவையில் மூத்தோர் பலரையும் கடந்து அருணாசலம் அவர்களைப் பதிவாளர் நாயகமாக நியமித்தார். எதிர்ப்புக் கிளம்பிற்று. அவரோ விடையொன்றுங் கூறாது கடமையினாலேயே விடை பகர்ந்தார். காணி உறுதிகளின் பதிவிற் சீர்கேடும் மோசடியும் மலிந்திருந்த அக்காரியாலயத்தை ஒழுங்குபடுத்தினார்.

1901-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு அவரது மேற்பார்வையில் நடந்தது. இலங்கையின் சனத்தொகை அப்பொழுது 35,65,954 என்று கணிக்கப்பட்டது. அம்மதிப்பைக் குறித்து அவர் வெளியிட்ட அறிக்கை எண்களின் தொகுதியாக மாத்திரம் நில்லாமல், இலங்கை மக்களின் வரலாறு, சமயம், மொழி, வழக்கம் ஆகியவற்றை விளக்கும் நூலாகவும் விளங்கிற்று. இலங்கைச் சரித்திரத்தைப் பற்றியும், இந்நாட்டுச் சிவில் சட்டத்தைப் பற்றியும் அவர் இயற்றிய நூல்களும் இக்காலத்தனவே. எடுத்த காரியம் எதுவாயினும் அதனை அறிவுத் தொண்டாக மாற்றுவது அவரியல்பு.

அலுவலகக் கடமைகளிற் கிடந்து உழன்றவர் சமயத்தை மறந்தாரோ எனின், மறந்திலர். மேனாட்டுக் கல்வி கற்ற பலர் தம் முன்னோர் நெறியை இகழ்ந்து திரிந்த காலம் அது. அருணாசலம் அவர்கள் அக்கல்வியைத் துணையாகக் கொண்டே சைவ நூல்களை ஆழ்ந்து கற்றார். தக்க ஆசானை அடுத்து ஞானோபதேசமும் பெற்றார். கேம்பிரிட்சில் அவர்க்கு நண்பராயமைந்தவர் எட்வர்ட் கார்ப்பென்டர் என்னும் ஆங்கிலப் புலவர். அவருக்கு அருணாசலம் அவர்கள் பகவற்கீதையை அனுப்பினார். அந்நூல் அப்புலவரின் உள்ளத்தைப் பெரிதும் மாற்றிற்று. 1890-ஆம் ஆண்டில் கார்ப்பென்டர் இலங்கைக்கு வந்தபொழுது, தம் குருவாகிய இலக்கணம் இராமசுவாமி என்னும் ஞானியாரிடம் அவரை அழைத்துச் சென்றார். அச்சந்திப்பைக் கார்ப்பென்டர் 1892-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் யாத்திரை நூலில் விரிவாக எழுதினார். சைவ ஞானியொருவரின் திருமுன்னர் மேனாட்டுப் புலவர் ஒருவர் மாணாக்கராக அமர்ந்தார் என்பது அக்காலத்திற் சிறு செய்தியன்று.

திருவாசகம், தாயுமானவர் பாடல், ஞானவாசிட்டம் ஆகியவற்றின் பகுதிகளை அருணாசலம் அவர்கள் ஆங்கிலத்திற் பெயர்த்தார். பொலன்னறுவையில் 1907, 1908-ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சைவச் செப்புத் திருமேனிகள் யாவை, அவற்றின் உட்பொருள் யாது என்பதை அறிஞர் அவையில் விளக்கினார். நடராசப் பெருமானின் திருவுருவத்தை விந்தைப் பொருளாக மாத்திரம் நோக்கியோர்க்கு, ஐந்தொழிலின் குறிப்பு அதனுள் அமைந்திருக்குமாற்றை எடுத்துக் காட்டினார். அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைக்குத் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்ட முதல் இலங்கையரும் அவரேயாவர்.

1913-ஆம் ஆண்டில், அறுபதாம் அகவையை அணுகிய நிலையில், அவர் அரசினர் சேவையினின்றும் இளைப்பாறினார். அடுத்த ஆண்டில் சேர் பட்டம் அவர் பெயரின் முன் நின்றது. ஓய்வூதியமும் உண்டு, குடும்பச் செல்வமும் உண்டு, நூல்களும் உண்டு, உலகெங்கும் நண்பர்களும் உண்டு. மேனாடும் இந்தியாவும் கண்டு வந்தவர். தில்லை முதலிய தலங்களை வணங்கியும், நூல்களை மொழிபெயர்த்தும், ஞான விசாரணையில் அமர்ந்தும் எஞ்சிய நாளைக் கழித்திருப்பாராயின், அவரைக் குறை கூறுவார் ஒருவருமில்லை. ஞானத்தில் உள்ளம் படிந்தவர் மீண்டும் உலகியற் சழக்கில் இறங்குதல் தகுமோ என்னும் வினா அவர்முன் நின்றிருக்கும். அவ்வினாவிற்கு அவருடைய வாழ்க்கையே விடையாயிற்று. தேவாரம் பாடிய வாகீசப் பெருமான் கையிலிருந்து உழவாரப் படையைக் கீழே வைத்தாரல்லர்; பாட்டும் பணியும் அவர்பால் ஒன்றாயின. அந்நெறியைப் பின்பற்றிய சைவர்க்கு ஞானமும் தொண்டும் முரணுவனவல்ல.

1915-ஆம் ஆண்டில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவி, கொழும்பு நகரின் நெருக்கமான தெருக்களில் வாழ்ந்த வறியோர்க்குக் கல்வியும் மருத்துவ உதவியும் கிடைக்க முயன்றார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆரம்பக் கல்வி கட்டாயமாகவும் இலவசமாகவும் வழங்கப்படல் வேண்டும் என்றும், உழைப்போர்க்குக் குறைந்தபட்சக் கூலி சட்டத்தால் விதிக்கப்படல் வேண்டும் என்றும் அவர் கோரினார். அக்காலத்து ஆட்சியாளர்க்கு இவை கனவென்று தோன்றின. 1917-ஆம் ஆண்டு ஏப்பிரல் 2-ஆந் தேதி நாட்டின் அரசியற் றேவைகளைக் குறித்து அவர் ஆற்றிய பேருரை, இலங்கையர்க்குத் தன்னாட்சியுணர்ச்சியை ஊட்டிற்று. அவ்வாண்டே இலங்கைச் சீர்திருத்தச் சங்கமும், 1919-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இலங்கைத் தேசிய காங்கிரசும் தோன்றின. காங்கிரசின் முதற் றலைவர் அருணாசலம் அவர்களே.

அரசியலில் அவர் புகழ் பரவிய அவ்வாண்டிலேயே, புகழ் தராத வேறொரு பணியையும் அவர் மேற்கொண்டார். அதுவே நம் மலைநாட்டைப் பற்றியது. அதன் அருமையை உணர வேண்டுமாயின், அக்காலத்துத் தோட்டத் தொழிலாளரின் நிலையை முதலில் அறிதல் வேண்டும்.

அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, ஹாலிஎல, பசறை, மடுல்சீமை, லுணுகலை, கொஸ்லந்தை என்னும் இடங்களெங்கும் முன்னர்க் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிடுதற்குத் தமிழகத்தினின்றும் மக்கள் கொண்டுவரப்பட்டனர். ஊரிற் பஞ்சம், கங்காணியார் கையில் முன்பணம். அம்முன்பணம் வழிச்செலவுக்கும் உணவுக்கும் கழிந்து, தோட்டத்தை அடையுமுன்னரே கடனாகி நின்றது. காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, மலையேறி உழைத்து, மாலையில் லயத்திற்கு மீளும் ஒருவர் மாதமுடிவிற் கணக்குப் பார்க்குங்கால், அரிசிக்கும் பிறவற்றுக்கும் கழிவு போகக் கையில் எஞ்சுவது சிறிது. கடன் குறைவதோ அதனினும் சிறிது.

தோட்டத்தை விட்டு வேறிடம் போக விரும்பினும் எளிதிற் போக இயலாது. இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதற்கே துண்டு என்று பெயர். கங்காணி அத்துண்டை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்திற்குச் செல்வார். அங்குள்ள துரை அக்கடனைக் கொடுத்துத் தீர்ப்பார். ஆட்கள் புதிய தோட்டத்திற்கு மாறுவர். கடனும் அவர்களுடன் மாறும். ஆட்களின் தேவை மிகுந்த இடங்களில் துண்டின் தொகையும் ஏறிற்று. தாம் கையாலும் தொடாத பணத்திற்குத் தாம் கடனாளியாயினமையைத் தொழிலாளர் அறிந்திலர். மக்களைப் பெயரளவில் விற்பதில்லை. கடனை விற்றனர், மக்கள் அதனுடன் சென்றனர்.

இதனைப் பொறாது சொல்லாமற் புறப்பட்டவர் நிலை யாது? 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டம் அவரைத் தொடர்ந்தது. கூலி உடன்பாட்டை மீறுதல் வேறு தொழில்களிற் பண விவகாரமாயிருக்க, தோட்டத் தொழிலாளர்க்கு அது குற்றமாயிற்று. முன்னறிவித்தலின்றி நீங்கினாலும், வேலையை மறுத்தாலும், மூன்று மாதம் வரை சிறைவாசம் விதிக்கப்படலாம். உழைத்த கூலியையும் இழக்க நேரிடும். சிறையினின்றும் மீண்டவரைக் கடன் வாயிலில் நின்று வரவேற்கும். சட்டமறிந்தோர் துணையும் அவர்க்கில்லை. நீதிமன்றத்தில் வழங்கிய ஆங்கில மொழியும் தெரியாது. தமக்காகப் பேசுவார் ஒருவரேனும் உளரோ என்று ஏங்கிய அம்மக்களுக்கு, ஆயுளின் பெரும்பகுதியை நீதிமன்றங்களிலும் காரியாலயங்களிலும் கழித்த ஒருவர் வாய்த்தது திருவருட் செயலே எனலாம்.

1919-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ஆந் தேதி இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் தோன்றிற்று. அருணாசலம் அவர்கள் தலைவர். மலைநாட்டிற் றோன்றிக் கேம்பிரிட்சிற் கற்று வழக்கறிஞரான பெரியசுந்தரம் அவர்கள் செயலாளர். பின்னாளில், 1931-ஆம் ஆண்டில், அரசாங்க சபையில் தொழில் மந்திரியாக அமர்ந்தவரும் இவரே. முதியவரின் அநுபவமும் இளையவரின் ஊக்கமும் ஒருங்கு சேர்ந்தன. தொழிலாளரைச் சிறையிடும் விதிகள் நீங்குதல் வேண்டும், துண்டு முறை ஒழிதல் வேண்டும், நியாயமான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்பன அவர்களின் கோரிக்கைகள்.

தோட்டச் சொந்தக்காரரின் செல்வாக்கு அக்காலத்துச் சட்ட நிருபண சபையில் மிக்கிருந்தது. தோட்டத் தொழிலாளரோ வாக்குரிமையற்றோர். அவர்களுக்காகப் பேசுவதால் ஒரு வாக்கும் கிடையாது, பகையே கிடைக்கும். அருணாசலம் அவர்களுடன் தேசிய இயக்கத்தில் நின்ற செல்வர்களிலும் தோட்டமுடையார் பலர். அவர்கள் மனம் கோணும் என்று அவர் இப்பணியைக் கைவிட்டாரல்லர். ஆரவாரக் கூட்டங்களிலும் விண்ணப்பங்களிலுமே அவர் கருத்து மிகுதியும் நின்றது. உண்மை நிகழ்ச்சிகளைத் தொகுத்து, சட்டத்தின் வாசகத்தையே எடுத்துக்காட்டி, அரசாங்கத்தார் மறுக்கலாகா வண்ணம் வாதிப்பது அவர் கையாண்ட முறை. முப்பத்தெட்டாண்டு அரசினர் சேவையிற் பெற்ற பயிற்சி முழுவதும் எளியோர் பக்கம் சேர்ந்தது. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் எழுந்த கண்டனங்களும் அதற்கு வலி தந்தன.

1921-ஆம் ஆண்டில் அம்முயற்சி கனிந்தது. துண்டு முறை சட்டத்தால் தடுக்கப்பட்டது. உடன்பாட்டை மீறிய தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் விதிகளும் நீங்கின. ஐம்பத்தாறு ஆண்டுகள் நிலவிய ஒரு கொடுமை முடிவெய்திற்று. 1927-ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலியை விதிக்கும் சட்டமும் வந்தது. அதனைக் காண அருணாசலம் அவர்கள் உயிரோடிருக்கவில்லை.

1921-ஆம் ஆண்டு அவர்க்கு வெற்றியுடன் வேதனையையும் கொணர்ந்தது. மேல் மாகாணத்திற் றமிழர்க்கு ஒரு பிரதிநிதித்துவம் அளிக்கப்படும் என்று முன்னர்க் கொடுக்கப்பட்ட வாக்குறுதி காப்பாற்றப்படாமையால், தாம் வளர்த்த காங்கிரசினின்றும் அவர் விலக நேர்ந்தது. ஒற்றுமையை நாடி உழைத்தவர்க்கு அஃது ஆறாப் புண்ணாகும். ஆயினும் மனக்கசப்பைச் சுமந்துகொண்டு மூலையில் ஒடுங்கினாரல்லர். 1923-ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழ்ச் சங்கத்தை அமைத்துத் தமிழ் மக்களின் நலத்தை நாடினார். தம் ஆராய்ச்சிகளையும் தொடர்ந்தார். நன்றி கிடைத்தவழி உழைப்பதும் கிடையாதவழி ஓய்வதும் வணிகரியல்பு. தொண்டர்க்கு அக்கணக்கு இல்லை.

அவர்தம் இறுதிக்கால எழுத்துக்களுள் ஒன்று முருக வழிபாட்டையும் கதிர்காமத்தையும் பற்றிய ஆங்கிலக் கட்டுரை. அரச ஆசியச் சங்கத்து இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் 1924-ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. கதிர்காமம் அக்காலத்திற் பதுளை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இக்காலத்தில் மொனராகலை மாவட்டத்தில் அமைந்து ஊவா மாகாணத்துள்ளேயே நிற்கின்றது. பிரமாண்டமான கோபுரமும் மண்டபமும் இல்லாத எளிய அக்கோயில் எங்ஙனம் தமிழரும் சிங்களரும் வேடரும் இஸ்லாமியரும் நாடும் தலமாயிற்று என்பதை அவர் ஆராய்ந்தார். நக்கீரரின் திருமுருகாற்றுப்படை முதலிய பழந்தமிழ் நூல்களின் சான்றுகளையும், கப்புறாளைமார் நடத்தும் வழிபாட்டு முறைகளையும், அங்குத் தவமிருந்த துறவியரின் வரலாறுகளையும் ஒருங்கு சேர்த்து எழுதினார். ஆடி மாதத்து உற்சவத்திற்குத் தோட்டங்களிலிருந்து புறப்பட்டு புத்தளைக் காட்டுவழியே நடந்த ஏழை அடியார்களின் பத்தியும், கொழும்புச் செல்வர் குடியிற் பிறந்த அவர்தம் பாட்டியாரின் பத்தியும் ஒன்றே. அச்சந்நிதியில் துரையும் இல்லை, கூலியும் இல்லை.

1924-ஆம் ஆண்டு சனவரி 9-ஆந் தேதி, இந்தியாவிற்குத் தலயாத்திரை சென்றிருந்தவிடத்து, அங்கயற்கண்ணி ஆலவாயண்ணலுடன் வீற்றிருக்கும் மதுரையம்பதியில், அருணாசலம் அவர்கள் எழுபதாம் அகவையில் சிவபதமடைந்தார். பண்டாரவளையில் 1894-ஆம் ஆண்டு முதல் நின்றிருந்த புகையிரதப் பாதை பதுளை நகரை எட்டியதும் அந்த 1924-ஆம் ஆண்டிலேயே. அப்பாதையில் பிரயாணஞ்செய்த தொழிலாளர் துண்டின்றிச் சென்றனர். தாம் விரும்பிய இடத்திற்குத் தம் காலால் நடக்கவும் சீட்டு வேண்டியிருந்த காலம் அவர்களுக்கு முடிந்திருந்தது. அச்சுதந்திரம் யாராற் கிட்டியது என்பதை அறிந்தவர் எத்தனை பேர்!

1930-ஆம் ஆண்டில் கொழும்பிற் சட்ட சபைக் கட்டட வளவில் அவர்க்கு உருவச்சிலை நாட்டப்பட்டது. அவர் கார்ப்பென்டருக்கு எழுதிய ஞானவிளக்கக் கடிதங்களை 1927-ஆம் ஆண்டில் அப்புலவரே நூலாக வெளியிட்டார். ஏனைய சமயக் கட்டுரைகளும் மொழிபெயர்ப்புக்களும் 1937-ஆம் ஆண்டில் தொகுப்பாக வெளிவந்தன. இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906-ஆம் ஆண்டிலேயே அவர் தொடங்கிய இயக்கம், 1921-ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகவும், 1942-ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகமாகவும் பயன் தந்தது. தாய்மொழிக் கல்வியை அப்பல்கலைக்கழகம் புறக்கணிக்கலாகாது என்பதும் அவர் கொள்கை. கட்டணமின்றிக் கல்வி வழங்கும் திட்டம் 1945-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பதுளை நகரிலேயே 2005-ஆம் ஆண்டில் ஊவா வெல்லசைப் பல்கலைக்கழகம் எழுந்தது. வித்திட்டவர் கையும் அறுத்தவர் கையும் வேறாயினும், விளைவு ஒன்றே.

அவர் பணி முற்றும் நிறைவெய்திற்று என்று கூறுதல் உண்மையாகாது. துண்டு ஒழிந்த பின்னரும் லயம் ஒழியவில்லை. 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். அக்குறை சிறிது சிறிதாக நீங்கி, 2003-ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே எஞ்சியோர்க்கும் பிரசாவுரிமை கிடைக்க வழி பிறந்தது. ஒற்றை ஆசிரியரும் ஒற்றை அறையுமாயிருந்த தோட்டப் பாடசாலைகள் 1970-களிலேதான் அரசாங்கப் பொறுப்பிற்கு மாறத் தொடங்கின. நல்லோர் ஒருவர் தளையொன்றை அறுப்பார். அடுத்த தளை அடுத்து வருவோர் கைக்குக் காத்திருக்கும்.

ஆசிரிய அன்பர்காள்! அருணாசலம் அவர்களின் வரலாற்றை மாணாக்கர்க்குக் கூறுங்கால், அவர் பெற்ற பட்டங்களையும் பதவிகளையும் வரிசையாக ஒப்பிக்கச் செய்து அமையற்க. துண்டு என்பது யாது என்று முதலிற் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அறியார். தாத்தாவின் தந்தை எத்தோட்டத்திலிருந்து எத்தோட்டத்திற்கு மாறினார், எக்கடனுடன் மாறினார் என்பதை வீட்டிலுள்ள முதியோரிடம் வினவி வரச் சொல்லுங்கள். பின்னர், அத்தளையை அறுக்க அறுபத்தைந்து வயதில் எழுந்து நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் அப்பிள்ளைகளின் உறவினருமல்லர். அவர்களால் அவருக்கு ஆகவேண்டியதும் ஒன்றில்லை. சிவனடியாரிடத்து உயர்வு தாழ்வு காணாத நெறியிற் பயின்றவராதலின், தோட்டத்து ஏழையைத் தம் உடன்பிறப்பாகக் கண்டார்.

நம் ஆசிரியரிலும் ஆண்டுதோறும் பலர் இளைப்பாறுகின்றனர். முப்பதாண்டுகளுக்கு மேற் கற்பித்த கல்வியும், பிள்ளைகளின் உள்ளத்தை அறியும் ஆற்றலும், ஊராரிடத்துப் பெற்ற மதிப்பும் அவர்களோடு வீட்டிற்குப் போய்விடுகின்றன. வாரத்தில் இருநாள், மாலையில் ஒரு நாழிகை, லயத்துப் பிள்ளைகள் சிலரைக் கோயில் மண்டபத்தில் இருத்திக் கணக்கும் தமிழும் தேவாரமும் சொல்லிக் கொடுத்தல் எவர்க்கும் அரிதன்று. விண்ணப்பம் எழுதத் தெரியாத ஒருவர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் ஈகையே. பெருஞ்செல்வர் செய்வன எல்லாம் நம்மாற் செய்யலாகாது. ஆனால் அருணாசலம் அவர்கள் ஈந்தவற்றுள் மிகப் பெரியதாகிய ஓய்வு, நம் ஒவ்வொருவர் கையிலும் ஒருநாள் வந்து சேரும். அதனை யாது செய்வோம் என்பதை இன்றே எண்ணி வைப்போமாக.